பழைய மோட்டார் வண்டியின் மின்சாரக் கணக்கு

காலையில் அவசரமாகப் புறப்படும் நேரத்தில் மோட்டார் வண்டி கிளம்ப மறுத்தால், அதைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் ஒரே குரலில் வழங்கும் தீர்ப்பு ஒன்று உண்டு. "பாட்டரி போய்விட்டது" என்பதே அத்தீர்ப்பு. பெரும்பாலும் அது விசாரணை இன்றி வழங்கப்படுவது. புதிய பாட்டரி ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய். வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு அது பல நாள் உழைப்பின் ஊதியம். அத்தொகையைச் செலவிட்டுப் புதியது வாங்கிப் பொருத்திய பின்பும், சில வாரங்களில் பழைய கதையே திரும்புமானால் என்ன பொருள்? குற்றவாளி தப்பிவிட்டான், குற்றமற்றவன் தண்டனை பெற்றான் என்பதே பொருள்.

உண்மைக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் முறையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அதற்கு வேண்டிய அறிவு, பள்ளியின் உயர் வகுப்புகளில் நீங்கள் கற்கும் பௌதிகத்திற்கு மேற்பட்டதன்று. வேண்டிய கருவியும் ஒன்றே: மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்க உதவும் சாதாரண மல்ட்டிமீட்டர். அதைவிட முக்கியமாக வேண்டியது பொறுமை.

பழைய வண்டியை எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை நம் நாட்டில் தயாரிக்கப்பட்ட அம்பாசிடர் காரையும், அதன் காலத் தோழனான ஃபியட் காரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றின் முற்கால வண்டிகளில் கணிப்பொறி ஏதும் இல்லை. ஒவ்வொரு கம்பியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் காணலாம், கையால் தொடலாம். பௌதிக மாணவனுக்கு அதைவிடச் சிறந்த சோதனைச்சாலை கிடைப்பது அரிது.

ஒரு குடும்பத்தின் வரவு செலவை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். சம்பாதிப்பவர் ஒருவர், பணத்தைக் காத்து வைக்கும் பெட்டி ஒன்று, செலவு செய்பவர் பலர். வண்டியில் சம்பாதிப்பது டைனமோ. காத்து வைப்பது பாட்டரி. செலவு செய்பவை ஸ்டார்ட்டர், முகப்பு விளக்குகள், தீப்பொறிச் சுருள், மழைத் துடைப்பான், ஊதுகுழல் முதலியவை. பாட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. தன்னிடம் போட்டதையே திருப்பித் தருகிறது. பெட்டி காலியாக இருக்கிறது என்பதற்காகப் பெட்டியைக் குறை கூறுவது முறையன்று. வரவு நின்றுவிட்டதா, செலவு மிகுந்துவிட்டதா, பெட்டியில் ஓட்டை விழுந்துவிட்டதா, அல்லது பெட்டிக்குப் போகும் வழியில் எங்கேனும் பணம் சிதறுகிறதா என்று நான்கு கேள்விகளையும் கேட்க வேண்டும். இனி நான் சொல்லப் போவன அனைத்தும் இந்நான்கு கேள்விகளின் விரிவே.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும் என்பது நீங்கள் அறிந்ததே. முகப்பு விளக்கு ஒன்று 45 வாட்டு என்றால், இரண்டிற்கும் 90 வாட்டு. 12 வோல்ட்டு வண்டியில் அது ஏழரை ஆம்பியர். பக்க விளக்குகளுக்கும் பின் விளக்குகளுக்கும் சுமார் 2 ஆம்பியர். தீப்பொறிச் சுருளுக்கும் துடைப்பானுக்கும் சேர்த்து ஆறேழு ஆம்பியர். ஆக, மழை பெய்யும் இரவில் செலவு ஏறத்தாழ 16 ஆம்பியர். அக்கால டைனமோ நல்ல வேகத்தில் சுழலும்போது தரக்கூடியது சுமார் 20 ஆம்பியர். வரவுக்குள் செலவு அடங்குகிறது; ஆனால் மிச்சம் கொஞ்சமே. வண்டி நெரிசலில் மெல்ல ஊரும்போது டைனமோவின் வரவு மிகவும் குறைந்துவிடுகிறது. அந்நேரத்துச் செலவு முழுவதும் பாட்டரியின் சேமிப்பிலிருந்தே போகிறது. இந்நிலையில், வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட்டு பல்புகள் இரண்டை மாட்டினால் என்ன ஆகும்? அவ்விரண்டு மட்டுமே 16 ஆம்பியருக்கு மேல் விழுங்கிவிடும். எந்தப் பகுதியும் பழுதாகாமலே அக்குடும்பம் கடனில் மூழ்கும். எனவே பழுதைத் தேடும் முன், வண்டியில் புதிதாக என்னென்ன சேர்க்கப்பட்டன என்று கேட்டறிவது நல்லது.

அடுத்து, டைனமோ வேலை செய்யும் விதத்தைச் சிறிது நினைவுகூர்வோம். காந்தப் புலத்தில் கம்பிச் சுருள் சுழன்றால் அதில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த உண்மை இது. காரின் டைனமோவில் அந்தக் காந்தம் நிலைக்காந்தம் அன்று, மின்காந்தம். அதற்கு வேண்டிய மின்சாரத்தையும் டைனமோவே தருகிறது. அப்படியானால் முதல் மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். மின்சாரம் நின்ற பிறகும் இரும்பில் எஞ்சி நிற்கும் மிகச் சிறிதளவு காந்தத்தன்மையே அதற்கு விதை. அந்த விதையிலிருந்து சிறு மின்னோட்டம் பிறந்து, அது காந்தத்தை வலுவாக்கி, வலுவான காந்தம் மேலும் மின்சாரத்தை உண்டாக்கி, இவ்வாறு கண நேரத்தில் டைனமோ தன் முழு ஆற்றலை எய்துகிறது.

டைனமோவுக்கு இரண்டு காவலர்கள் உண்டு. இருவரும் ஒரே சிறு பெட்டிக்குள் குடியிருக்கிறார்கள். ஒருவர் கட்-அவுட் என்னும் தானியங்கி ஸ்விட்ச். டைனமோவின் அழுத்தம் ஏறத்தாழ 13 வோல்ட்டை எட்டியதும் இது மூடிக்கொண்டு, டைனமோவைப் பாட்டரியோடு இணைக்கிறது. அழுத்தம் தாழ்ந்ததும் திறந்துகொள்கிறது. இல்லாவிடில் நின்றுபோன டைனமோ வழியாகப் பாட்டரியின் சேமிப்பு முழுவதும் வடிந்துவிடும். மற்றொருவர் ரெகுலேட்டர். எஞ்சினின் வேகம் கூடக்கூட அழுத்தம் அளவின்றி ஏறாதவாறு, மின்காந்தத்திற்குச் செல்லும் மின்னோட்டத்தை இது அடிக்கடி குறைத்துக் கட்டுப்படுத்துகிறது.

இப்போது ஓட்டுநரின் முன்னே இருக்கும் சிறிய சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். அதன் ஒரு முனை சாவி ஸ்விட்ச் வழியாகப் பாட்டரியோடு சேர்ந்திருக்கிறது. மறுமுனை டைனமோவோடு சேர்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும், ஒரு புறம் 12 வோல்ட்டு, மறுபுறம் ஒன்றுமில்லை. ஆகவே விளக்கு எரிகிறது. டைனமோ வேலை செய்யத் தொடங்கி இருபுறமும் அழுத்தம் சமமானதும் விளக்கு அணைகிறது. இரு தட்டும் ஒத்து நிற்கும் தராசைப் போன்றது அது. இத்தத்துவத்தை அறிந்தவனுக்கு அச்சிறு விளக்கு பல செய்திகளைக் கூறும். எஞ்சின் வேகமாக ஓடும்போதும் அது நன்றாக எரிந்தால், டைனமோவில் வரவு இல்லை. வேகத்திலும் மங்கலாக எரிந்தால், டைனமோவுக்கும் பாட்டரிக்கும் இடையே எங்கோ அழுத்தம் விரயமாகிறது. கட்-அவுட்டின் தொடுமுனைகள் கரிபிடித்திருக்கலாம், அல்லது ஓர் இணைப்புத் தளர்ந்திருக்கலாம். எஞ்சின் மெல்ல ஓடும்போது மட்டும் மினுக்கினால், அது டைனமோவின் இயல்பு, கவலைப்பட வேண்டியதில்லை. சாவியைத் திருப்பியும் எரியவே இல்லை என்றால், பெரும்பாலும் பல்பு எரிந்துபோயிருக்கும். ஆனால் கட்-அவுட் மூடியபடியே ஒட்டிக்கொண்டாலும் இரு முனையிலும் அழுத்தம் சமமாகி விளக்கு எரியாது. நின்றிருக்கும் வண்டியின் டைனமோ அப்போது சூடாக இருந்தால், பாட்டரியின் இணைப்பை உடனே கழற்றிவிட வேண்டும். மற்றொன்றையும் மறவாதீர்கள்: விளக்கு அணைந்தது என்பது வரவு தொடங்கியது என்பதற்கே சான்று, வரவு போதுமானது என்பதற்குச் சான்றன்று.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இனி நாமும் அளக்கத் தொடங்குவோம். கருவியைக் கையில் எடுக்கும் முன் கண்ணையும் கையையும் பயன்படுத்த வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, டைனமோவைச் சுழற்றும் விசிறிப் பட்டையின் நீண்ட பகுதியை நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். ஏறத்தாழ அரை அங்குலம் தாழ்ந்தால் சரி. அதற்கு மிகுதியாகத் தொய்ந்திருந்தால் பட்டை வழுக்குகிறது. டைனமோ போதிய வேகத்தில் சுழலவில்லை. பாட்டரியின் முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே சிறிது வாஸலின் தடவ வேண்டும். பழைய பிரித்தானிய அமைப்பில் வந்த பல வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. ஆகவே எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பாட்டரியின் அழுத்தத்தை அளக்கலாம். வண்டி சில மணி நேரம் ஓய்ந்து நின்ற பின் அளப்பதே முறை. பாட்டரியில் ஆறு கலங்கள் உண்டு; முழு மின்னூட்டம் பெற்ற கலம் ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட்டு தரும். எனவே மொத்தம் 12.6 வோல்ட்டு இருந்தால் பெட்டி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதியே இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. திறக்கக்கூடிய மூடிகள் உள்ள பாட்டரியானால், ஹைட்ரோமீட்டரைக் கொண்டு ஒவ்வொரு கலத்திலும் உள்ள அமிலத்தின் ஒப்படர்த்தியையும் பார்க்கலாம். முழு மின்னூட்டத்தில் அது 1.26 முதல் 1.28 வரை இருக்கும். வெப்ப நாடுகளில் சற்றுக் குறைவாக வைப்பதும் உண்டு. ஆறு கலங்களும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால், பாட்டரி பசித்திருக்கிறது என்று பொருள், அதற்கு நோயில்லை. ஐந்து கலங்கள் நன்றாக இருக்க, ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால், அப்போதுதான் பாட்டரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம்.

அடுத்த சோதனையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "விளக்கு நன்றாக எரிகிறதே, ஆனால் ஸ்டார்ட்டர் ஏன் சுற்றவில்லை?" என்று வியப்பவர்களை நீங்கள் கண்டிருக்கலாம். இதற்கு விடை 1827-ல் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதியில் இருக்கிறது. அழுத்த இழப்பு என்பது மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கி வரும் தொகை. ஓர் இணைப்பில் அழுக்குச் சேர்ந்து, ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 வாட்டு விளக்குக்கு வேண்டியது அரை ஆம்பியருக்கும் குறைவு. அதற்கு ஏற்படும் இழப்பு ஒரு வோல்ட்டில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்டார்ட்டரோ எஞ்சினைத் திருப்பும்போது 200 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். இருநூறை நூற்றில் ஒன்றால் பெருக்குங்கள். 2 வோல்ட்டு வழியிலேயே தொலைந்துவிடுகிறது. ஒற்றையடிப் பாதை ஒரு மனிதனுக்குப் போதும். தேர் போக அது போதுமா?

இதிலிருந்து ஒரு முக்கியமான விதி கிடைக்கிறது. மின்னோட்டம் இல்லாதபோது தடை தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஆகவே சுமை ஏற்றி அளக்க வேண்டும். ஒருவரை ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லி, அந்தச் சில நொடிகளில் பாட்டரியின் இரு முனைகளுக்கிடையே அளந்து பாருங்கள். அழுத்தம் பத்து வோல்ட்டுக்கு அருகிலோ மேலோ நின்றால் பாட்டரி தன் கடமையைச் செய்கிறது. எட்டுக்கும் ஏழுக்கும் சரிந்தால், அது காலியாகவோ நலிந்தோ இருக்கிறது. அல்லது ஸ்டார்ட்டரே அளவுக்கு மீறி இழுக்கிறது.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். வாடகைக்கு ஓடிய பழைய கார் ஒன்றுக்கு ஓர் ஆண்டிற்குள் இரு முறை பாட்டரி மாற்றப்பட்டிருந்தது. அதன் உரிமையாளரிடம் மூன்றாவது பாட்டரி வாங்கப் பணம் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிய பாட்டரி சில வாரங்கள் நன்றாக இருந்தது. பிறகு ஸ்டார்ட்டர் முனகத் தொடங்கியது. அளந்து பார்த்தோம். எஞ்சினைத் திருப்பும்போது பாட்டரியின் முனைகளில் 11.4 வோல்ட்டு இருந்தது. அதே நேரத்தில் ஸ்டார்ட்டரில் கிடைத்ததோ 8.4 வோல்ட்டு. மூன்று வோல்ட்டு வழியில் தொலைந்தது. போகும் வழியில் அளந்தால் இழப்பு அரை வோல்ட்டும் இல்லை. எஞ்சினின் உடலுக்கும், பாட்டரியின் உடலோடு இணைந்த முனைக்கும் இடையே, அதாவது மின்சாரம் திரும்பி வரும் வழியில் அளந்தபோது, இரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ஆகவே அதை வண்டியின் உடலோடு இணைக்கச் செம்புப் பின்னலால் ஆன பட்டை ஒன்று உண்டு. எண்ணெயும் சேறும் படிந்து அப்பட்டை அரித்துப்போயிருந்தது. திரும்ப வழியில்லாத மின்சாரம், கார்புரேட்டரின் சோக்குக் கம்பி வழியாகத் திரும்ப முயன்று, அக்கம்பியைத் தொட முடியாதபடி சுடச் செய்திருந்தது. புதிய பட்டையின் விலை, பாட்டரியின் விலையில் மிகச் சிறு பங்கு. அதை மாற்றியவுடன், குற்றம் சாட்டப்பட்ட அதே பாட்டரியைக் கொண்டே எஞ்சின் ஒரே சுற்றில் கிளம்பிற்று. புதிய பாட்டரிகள் செய்ததெல்லாம் தம் முழு வலிமையால் அக்குறையைச் சில வாரங்கள் மறைத்ததே.

இனி வரவைச் சோதிப்போம். எஞ்சினை மிதமான வேகத்தில் ஓடவிட்டுப் பாட்டரியின் முனைகளில் அளந்தால், ஓய்வில் இருந்ததைவிட அழுத்தம் உயர்ந்து 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். உயராவிட்டால் டைனமோவா, ரெகுலேட்டரா என்று பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. டைனமோவில் உள்ள இரண்டு கம்பிகளையும் கழற்றிவிட்டு, அதன் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் சேர்த்து, அங்கிருந்து டைனமோவின் உடலுக்கு வோல்ட்மீட்டரை இணைக்க வேண்டும். எஞ்சினை மெல்ல ஓடவிட்டுச் சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டினால், அழுத்தம் தடுமாறாமல் ஏற வேண்டும். 20 வோல்ட்டை எட்ட விடலாகாது. கட்டுப்படுத்த இப்போது ரெகுலேட்டர் இல்லை அல்லவா? நன்கு ஏறினால் டைனமோ குற்றமற்றது. பழுது ரெகுலேட்டர்ப் பெட்டியிலோ கம்பிகளிலோ இருக்கிறது. ஏதும் காட்டாவிட்டால் கார்பன் பிரஷ்களைப் பாருங்கள். அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட்டு வரை காட்டினால், மின்காந்தச் சுருளில் பழுது இருக்கலாம். நான்கைந்து வோல்ட்டில் நின்றால், சுழலும் ஆர்மேச்சர்ச் சுருளில் இருக்கலாம்.

வரவு அளவுக்கு மிஞ்சுவதும் நோயே. பாட்டரியில் நீர் அடிக்கடி வற்றுவதும், பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்துபோவதும் அதன் அடையாளங்கள். அழுத்தம் 15 வோல்ட்டுக்கு மேல் நிலைத்து நின்றால், ரெகுலேட்டரை அதை அறிந்தவரிடம் காட்ட வேண்டும்.

கடைசிக் கேள்வி, பெட்டியின் ஓட்டை. இரவில் நிறுத்திய வண்டி சில நாளில் உயிரற்றுப் போகிறது என்றால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பாட்டரியின் உடலிணைப்பைக் கழற்றி, அந்த இடைவெளியில் அம்மீட்டரைத் தொடராக இணையுங்கள். கடிகாரமோ வானொலியோ இல்லாத பழைய வண்டியில் அது சுழியைக் காட்ட வேண்டும். சாமான் பெட்டியின் 5 வாட்டு விளக்கு அணையாமல் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது இழுப்பது 0.4 ஆம்பியரே. ஆயினும் 60 ஆம்பியர்-மணி பாட்டரியை ஆறு நாளில் அது காலியாக்கிவிடும். மின்னோட்டம் இருந்தால், பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் முள் சுழிக்கு வருகிறதோ, அந்த வழியில் இருக்கிறான் திருடன். பியூஸ் வழியாகச் செல்லாத இணைப்புகளும் பழைய வண்டியில் உண்டு. அவற்றை அடுத்துப் பார்க்க வேண்டும். அம்மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது, கருவி பாழாகும்.

பிற்காலத்து வண்டிகளில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்ட்டர்னேட்டர் வந்தது. பல பழைய வண்டிகளிலும் அது பின்னர் பொருத்தப்பட்டது. இதில் பிறக்கும் மாறுதிசை மின்னோட்டத்தைச் சிலிக்கன் டயோடுகள் நேர்த்திசை மின்னோட்டமாக மாற்றுகின்றன. எஞ்சின் மெல்ல ஓடும்போதும் இது ஓரளவு வரவு தரும். பின்னோட்டத்தை டயோடுகளே தடுப்பதால் கட்-அவுட் வேண்டியதில்லை. அளக்கும் முறை பெரும்பாலும் ஒன்றே, எச்சரிக்கைகள் வேறு. எஞ்சின் ஓடும்போது பாட்டரியைக் கழற்றக் கூடாது. முனைகளை மாற்றி இணைக்கக் கூடாது. நான் கூறிய டைனமோச் சோதனையை இதில் செய்யக் கூடாது. மூன்றும் டயோடுகளுக்கோ மற்றப் பகுதிகளுக்கோ கேடு விளைவிக்கும். மேலும் பல ஆல்ட்டர்னேட்டர்களுக்குத் தொடக்க மின்சாரம் அந்தச் சிவப்பு விளக்கின் வழியாகவே போகிறது. ஆகவே சில ரூபாய் பல்பு எரிந்துபோனாலே வரவு தடைப்படலாம்.

எந்த வண்டியானாலும், மின்னூட்டம் பெறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் தீயோ தீப்பொறியோ ஆகாது. உள்ளே இருப்பது கந்தகாமிலம். கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும். உடலோடு இணைந்த முனையை முதலில் கழற்றி, இறுதியில் பூட்ட வேண்டும். மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். மாணவர்கள் விவரம் அறிந்த பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்வது அவசியம்.

இச்சோதனைகளை ஒரே ஒழுங்கில் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். கண்ட அளவுகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பகுதிகளை ஒரே நாளில் மாற்றிவிட்டால், வண்டி ஓடினாலும், எது பழுதாயிருந்தது என்பதை ஒருநாளும் அறிய முடியாது. ஒரு பொருளைத் தூக்கி எறிவதற்கு முன், அது பழுதுதான் என்பதற்கு ஓர் எண்ணையாவது சான்றாகக் காட்ட முடிய வேண்டும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழைய வண்டி ஒன்று நின்றால், உரியவரின் அனுமதி பெற்று, ஓய்வில் இருக்கும் அதன் பாட்டரியில் எத்தனை வோல்ட்டு இருக்கிறது என்று இன்றே அளந்து பாருங்கள்.